இருளா, விளக்கில்லாமையா?
களப்பிரர் காலமும் மாறிவந்த வரலாற்றுப் பார்வைகளும்

(கோட்டுச்சேரியில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



காரைக்கால் மண்ணில் வளரும் பிள்ளைகளுக்கு வரலாறு இரண்டு தேதிகளோடு அறிமுகமாகிறது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ஆயினும் பிரான்சின் ஒப்புதல் கிடைத்துச் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியதோ 1962 ஆகஸ்டு 16 அன்றுதான். விடுதலை நாள் எது? நெடுங்காலம் ஆகஸ்டுத் தேதிக்கே சிறப்பு இருந்தது. அண்மை ஆண்டுகளில்தான் நவம்பர் 1 விடுதலை நாள் என்னும் பெயரோடு அரசு விழாவாயிற்று. நடந்த நிகழ்ச்சியில் ஒரு நாழிகை கூட மாறவில்லை. அதில் எது முதன்மையானது என்னும் கணிப்பு மட்டும் மாறியது.

நேரில் கண்டவர்கள் இன்றும் உயிரோடிருக்கும் நிகழ்ச்சிக்கே இந்நிலை என்றால், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்திகளைப் பற்றிக் கேட்கவேண்டுவதில்லை. தமிழக வரலாற்றில் அவ்வாறு மிகப் பெரிய மாற்றத்துக்கு உள்ளான பகுதி களப்பிரர் காலம். சங்க காலம் முடிந்த பின் ஏறத்தாழக் கி.பி. 250 முதல் கி.பி. 600 வரையுள்ள மூன்றரை நூற்றாண்டு அது. பள்ளிப் பாடநூல்களில் அதற்குப் பல தலைமுறைகளாக வழங்கிய பெயர் 'இருண்ட காலம்'. தேர்வில் ஒரு மதிப்பெண் வினாவாக அது வரும். மாணவரும் தயங்காமல் விடை எழுதுவர். அந்த இருளுக்குக் காரணம் கேட்டால், களப்பிரர் சமண, பௌத்த சமயங்களை ஆதரித்தவர்கள் என்று அடுத்த வரியிலேயே விடையும் இருக்கும். இவ்வாறு ஓர் அரச மரபின்மேல் சுமத்தப்பட்ட பழியில் பாதி, படிக்கும் பிள்ளைகள் அறியாமலே, அருகன் நெறியைப் பின்பற்றிய மக்கள்மேலும் விழுந்தது. சமணக் குடும்பத்துப் பிள்ளையும் அதே விடையை எழுதித்தான் அந்த ஒரு மதிப்பெண்ணைப் பெறவேண்டியிருந்தது.

இப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க இரண்டு செப்பேடுகளைக் கையில் எடுக்கவேண்டும். அவற்றுள் ஒன்று காரைக்கால் வட்டாரத்துக்கே உரியது.

1879-இல் காசக்குடியில் பதினொரு செப்பேடுகள் கிடைத்தன. நந்திவர்ம பல்லவமல்லனின் 22-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 8-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பொறிக்கப்பட்ட ஏடுகள் அவை. தென்னிந்தியக் கல்வெட்டுகளைத் தொகுத்த ஜெர்மானிய அறிஞர் ஹூல்ஷ் அவற்றைப் பதிப்பித்தார். பல்லவர் முன்னோருள் ஒருவனான சிம்மவிஷ்ணு வென்ற அரசர்களின் பட்டியல் அவ்வேட்டில் வருகிறது. மலையர், களப்பிரர், மாளவர், சோழர், பாண்டியர், சிங்களர், கேரளர் என்று அது நீள்கிறது. களப்பிரர்க்குத் தனி வசை ஏதும் இல்லை. சோழனையும் பாண்டியனையும் போல அவர்களும் தோற்ற பகைவர், அவ்வளவே.

மற்றொன்று வேள்விக்குடிச் செப்பேடு. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் தன் மூன்றாம் ஆட்சியாண்டில், அதே 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வழங்கியது. எச். கிருஷ்ண சாஸ்திரி அதனை 1923-24-ஆம் ஆண்டுக்குரிய 'எபிகிராபியா இந்திகா' 17-ஆம் தொகுதியில் பதிப்பித்தார். அது சொல்லும் செய்தி இது: பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, வேள்வி முடித்த கொற்கைகிழான் நற்கொற்றனுக்கு வேள்விக்குடி என்னும் ஊரைக் கொடுத்தான். நெடுங்காலம் கழித்துக் களப்பிர அரசன் பல மன்னரை நீக்கி நாட்டைக் கைக்கொண்டான், அவ்வூரும் பறிபோனது. பிறகு பாண்டியன் கடுங்கோன் நாட்டை மீட்டான். அவன் வழியில் வந்த நெடுஞ்சடையன் முன் நற்கொற்றன் மரபினன் ஒருவன் முறையிட, உரிமையை மெய்ப்பிக்குமாறு அரசன் கேட்க, அவனும் மெய்ப்பிக்க, ஊர் திரும்பக் கிடைத்தது. இந்த ஏடு களப்பிரனைக் 'கலியரசன்' என்று சுட்டுகிறது.

கலியரசன் என்ற அந்த ஒரு சொல்தான் பிற்கால வரலாற்றுநூல்களில் மூன்றரை நூற்றாண்டின்மேல் இருளாகக் கவிந்தது. ஆனால் ஏட்டின் இயல்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது நிலவுரிமைப் பத்திரம். நிலத்தை இழந்து மீட்டவனின் பக்கம் நின்று, களப்பிரரை வென்ற மரபின் அரசன், நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுக்குப் பின் எழுதுவித்தது. நிலவழக்குப் பத்திரத்தில் எதிராளியின் நற்பண்புகளை எவர் எழுதிவைப்பர்? மேலும், அந்த ஏடு களப்பிரரின் சமயம் எதுவென்று கூறவேயில்லை. சமணர் என்பதும் பௌத்தர் என்பதும் வேறு நூல்களிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டவை.

கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1955-இல் வெளியிட்ட தென்னிந்திய வரலாற்று நூலில் இக்காலத்தை நீண்ட இரவாக உருவகித்தார். களப்பிரரை நாகரிகத்தின் பகைவர் என்னும் கருத்துப்படக் குறித்தார். அவருடைய உழைப்பின் பெருமையை எவரும் மறுக்க இயலாது. சோழர் வரலாற்றை ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளிலிருந்து திரட்டி எழுப்பியவர் அவர். ஆனால் அத்தலைமுறை வரலாறு என்று கருதியது, பெரும்பாலும் அரச மரபுகளின் தொடர்ச்சியை. மன்னர் பட்டியல், போர், கொடை, கோயில் ஆகியவை கிடைத்தால் காலம் ஒளிபெறும். அவை கிடைக்காவிட்டால் இருளும். தி. வை. சதாசிவப் பண்டாரத்தாரும் அவ்வழியே நின்று இருண்ட காலம் என்ற பெயரைப் பயன்படுத்தினார். இதில் ஒரு வியப்பு உண்டு. கி.பி. 250 முதல் 600 வரையிலான தமிழ் இலக்கிய வரலாற்றை அவர் தனி நூலாகவே எழுதினார். ஒரு நூல் நிறைய எழுதும் அளவுக்கு இலக்கியம் தோன்றிய காலம் எப்படி இருண்டதாகும் என்ற வினா அந்நூலின் பக்கங்களிலேயே கிடந்தது.

ஐரோப்பாவிலும் இதுவே நிகழ்ந்தது. உரோமப் பேரரசு வீழ்ந்த பிந்தைய நூற்றாண்டுகளை இருள் என்று சொல்லத் தொடங்கியவர் 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பெட்ரார்க். இலத்தீன் இலக்கியத்தின்மேல் அவர் கொண்ட காதலே அச்சொல்லுக்குக் காரணம். இன்று அத்துறை வல்லுநர் பெரும்பாலோர் அச்சொல்லைத் தவிர்க்கின்றனர்.

இனி, அந்த இருளுக்குள் யார் யார் வாழ்ந்தனர் என்று பார்க்கலாம்.

கோட்டுச்சேரியிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே சென்றால் தரங்கம்பாடி; அதையும் தாண்டினால் பூம்புகார். அப்பட்டினத்தில் புத்ததத்தர் என்ற பௌத்த ஆசிரியர் பாலி மொழியில் 'அபிதம்மாவதாரம்' இயற்றினார். சோழநாட்டுப் பூதமங்கலத்தில் இருந்த பள்ளியில் தங்கி 'விநயவிநிச்சயம்' எழுதினார். அச்சுதவிக்கந்தன் என்னும் களப்பிர அரசன் ஆட்சிசெய்த காலத்தில் அதை எழுதியதாக நூலிறுதியில் குறிக்கிறார். அரசனைத் தன் குலத்துக்கு மகிழ்ச்சி தருபவன் என்ற பொருளில் போற்றுகிறார். அந்நூல் 1928-இல் இலண்டன் பாலி நூற்கழகப் பதிப்பாக வெளிவந்தது. ஆகவே, வேள்விக்குடி ஏடு அச்சேறிய சில ஆண்டுகளிலேயே மறுதரப்புச் சாட்சியும் அறிஞர் கைக்கு எட்டிவிட்டது. இருந்தும், கலியரசன் என்ற சொல் பாடநூலுக்குள் நுழைந்தது. குலத்துக்கு மகிழ்ச்சி என்ற சொல் நுழையவில்லை. சான்று கிடைப்பது வேறு, அது காதில் விழுவது வேறு.

1960-களில் தொல்லியல் துறையினர் பூம்புகாரை அடுத்த பல்லவனேச்சுரத்தில் அகழ்ந்தபோது செங்கல்லால் கட்டிய பௌத்தப் பள்ளி ஒன்று வெளிப்பட்டது. புத்தர் திருவடி பொறித்த கல்லும் கிடைத்தது. அதன் காலம் 4, 5-ஆம் நூற்றாண்டு என்று கணித்தனர்.

சமணர் தரப்புச் சான்றுகள் இன்னும் உருக்கமானவை. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றுப் பாறையில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை என்று ஒரு சிறு கல்வெட்டு உண்டு. பறையன்பட்டில் வச்சணந்தி ஆசாரியரின் மாணாக்கர் ஆராதன் என்பவர் நோற்று முடித்த இடத்தை மற்றொரு கல்வெட்டு குறிக்கிறது. எழுத்தின் வடிவைக் கொண்டு இரண்டையும் 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் வைக்கின்றனர். ஐம்பத்தேழு என்று ஒருவர் எண்ணியிருக்கிறார். நாள்தோறும் அருகிருந்து எண்ணி, முடிந்தபின் பாறையில் வெட்டச் செய்திருக்கிறார். சல்லேகனை நோற்பவரின் அருகிலிருந்து பணிசெய்த குடும்பத்தார்க்கு அந்த எண்ணிக்கையின் கனம் தெரியும்.

நூல்களோ பல. நாலடியார் சமண முனிவர் பாடல்களின் தொகுப்பு. பழமொழி நானூறு பாடிய முன்றுறையரையனார், சிறுபஞ்சமூலம் பாடிய காரியாசான், ஏலாதி பாடிய கணிமேதாவியார் ஆகிய மூவரும் சமணர். சிறுபஞ்சமூலம் ஐந்து வேர்களின் பெயர். ஏலாதி ஏலம், இலவங்கம், மிளகு, திப்பிலி, சுக்கு முதலியன சேர்ந்த மருந்தின் பெயர். நூலுக்கு மருந்தின் பெயர் வைத்தவர்கள் மருந்து கொடுத்துப் பழகிய மரபினர் என்று கொள்வதில் தவறிருக்காது. இவற்றின் காலத்தை 4 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரை அறிஞர் பலவாறு கூறினாலும், பெரும்பகுதி இந்த 'இரவில்' எழுந்தது என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. பழைய தமிழி எழுத்து வட்டெழுத்தாக வளைந்ததும் இக்காலத்தில்தான். செங்கம், தருமபுரிப் பகுதி நடுகற்கள் அந்த வளர்ச்சியைக் காட்டுகின்றன. எழுதாத நாட்டில் எழுத்து வடிவம் மாறுவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காரைக்கால் அம்மையார் இருக்கிறார். அப்பருக்கும் சம்பந்தருக்கும் முற்பட்டவர் அவர் என்பது அறிஞர் கருத்து. 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டில் அவரை வைப்பர். ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவில் இப்பகுதியே திரண்டு கொண்டாடும் அப்பெருமாட்டி, பாடநூலின் கணக்குப்படி இருண்ட காலத்தவர். கட்டளைக்கலித்துறையையும் அந்தாதியையும் இரட்டைமணிமாலையையும் பதிகத்தையும் சைவ இலக்கியத்தில் முதலில் கையாண்டவர் அவரே. ஆக, அக்காலம் சைவத்துக்கும் இருளாக இருந்ததில்லை.

இச்சான்றுகளை ஒன்றாகத் திரட்டி வழக்கைத் திருப்பியவர் மயிலை சீனி. வேங்கடசாமி. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர். 1954-இல் 'சமணமும் தமிழும்' எழுதியவர். 1970-களின் இடைப்பகுதியில் வெளிவந்த அவருடைய 'களப்பிரர் ஆட்சியில் தமிழகம்', தாழிசை, துறை, விருத்தம் என்னும் புதிய பாவினங்கள் தோன்றிய காலம் இது என்று காட்டி, இருண்ட காலம் என்ற பெயரையே மறுத்தது. அவர் புதிதாகச் செப்பேடு எதையும் கண்டெடுக்கவில்லை. மன்னனைத் தேடும் கண்ணால் பார்த்தவர்க்கு வெறுமையாகத் தோன்றிய இடத்தில், யாப்பையும் நூலையும் தேடும் கண்ணுக்கு நிறையக் கிடைத்தது. தமிழாசிரியர்கள் இதில் சற்றுப் பெருமிதம் கொள்ளலாம்.

வேறொரு திசையிலிருந்தும் விளக்கம் வந்தது. ஈழத்து அறிஞர் க. கைலாசபதி 1966-இல் வெளியிட்ட 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' நூலில், சமயப் போராட்டத்துக்கு அடியில் நிலவுடைமையாளர்க்கும் வணிகர்க்கும் இடையிலான முரண் இருந்ததாகக் கண்டார். ஆர். எஸ். சர்மா, களப்பிரர் எழுச்சியை நிலம் பெற்ற அந்தணர்க்கு எதிரான உழவர் கிளர்ச்சி என்றார். அமெரிக்க அறிஞர் பர்ட்டன் ஸ்டைன் 1980-இல், உழவு செழித்த சமவெளியை உழவரல்லாத போர்க்குடிகள் கைப்பற்ற முயன்றதாகக் கொண்டார். இவ்விளக்கங்கள் பொருளியல் என்ற புதிய சாளரத்தைத் திறந்தன. அதற்கு நன்றி உரியது. ஆயினும் வேள்விக்குடி என்ற ஒரே ஊரின் வழக்கிலிருந்து நாடு தழுவிய உழவர் கிளர்ச்சியைப் பெறுவது சிறு தூணின்மேல் பெரிய மாடம் எழுப்புவதாகும். வணிகர் எல்லாம் சமணர் பக்கம், நிலமுடையோர் எல்லாம் சிவன் பக்கம் என்று கோடு கிழித்தால், வணிகர் குலத்துப் பிறந்து வணிகன் பரமதத்தனை மணந்த காரைக்கால் அம்மையார் எந்தப் பக்கம் நிற்பார்?

பழைய பார்வையை மறுத்தவர்களையும் திடுக்கிடச் செய்த சான்று 1979-இல் வந்தது. சிவகங்கை மாவட்டத்துப் பூலாங்குறிச்சியில் குன்றின் பாறைமேல் பெரிய கல்வெட்டுகள் கண்டறியப்பட்டன. கோச்சேந்தன் கூற்றன் என்ற அரசனின் பெயர் அவற்றில் உள்ளது. அறிஞர் பலர் அவனைக் களப்பிர மரபினன் என்பர், மறுப்போரும் உளர். அக்கல்வெட்டு தேவகுலத்தைக் கூறுகிறது, மதுரையில் இருந்த தாபதப் பள்ளியைக் கூறுகிறது, பிரமதாயம் என்று அந்தணர்க்கு உரிய நிலத்தையும் கூறுகிறது. நிலத்தின் மேலுரிமையும் உழும் உரிமையும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. அவன் களப்பிரனாயின், பிரமதேயங்களை அழித்தவர் களப்பிரர் என்ற கூற்று அசைகிறது. அவன் களப்பிரன் அல்லனாயினும், அக்காலத்தில் முறையான நிர்வாகம் இல்லை என்ற கூற்று நிற்காது.

இந்த இடத்தில் சமண மன்றங்களிலும் ஒரு சொல் சொல்லப்படவேண்டும். இருண்ட காலம் என்பதை நீக்கிய மகிழ்ச்சியில் 'சமணரின் பொற்காலம்' என்ற பெயர்ப்பலகையை உடனே மாட்டிவிடும் ஆசை இயல்பானது. சிறப்பு மலர்களில் அப்படிப்பட்ட கட்டுரைகள் வந்தும் இருக்கின்றன. ஆனால் அதற்கும் முன்னதே போன்ற சோதனை உண்டு. வச்சிரநந்தி மதுரையில் திராவிட சங்கம் நிறுவினார் என்ற செய்தியை எடுத்துக்கொள்ளலாம். கி.பி. 470 என்று அதற்கு ஆண்டும் சொல்வர். அதைக் கூறும் நூல் தேவசேனர் இயற்றிய 'தரிசனசாரம்'. அது 10-ஆம் நூற்றாண்டில், நிகழ்ச்சிக்கு நானூற்றைம்பது ஆண்டுக்குப் பின் எழுதப்பட்டது. மேலும், தேவசேனர் அச்சங்கத்தைப் புகழ்வதற்காகக் குறிக்கவில்லை. நெறி தவறியவர்களின் வரிசையில் வைத்துக் கண்டிக்கிறார். பாண்டியன் ஏட்டைப் பகைவன் வாக்கு என்று தள்ளிவிட்டு, தேவசேனர் வாக்கை மட்டும் ஆராயாமல் ஏற்பது நடுநிலை ஆகாது. பறையன்பட்டுக் கல்வெட்டின் வச்சணந்தியும் இந்த வச்சிரநந்தியும் ஒருவரே என்று சொல்ல ஆசை எழும். பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் அதற்குப் போதாது.

சமணம் களப்பிரரின் வாளோடு தமிழகம் வந்தது என்ற கருத்து முற்றாகத் தள்ளத்தக்கது என்பதை மட்டும் ஐயமின்றிக் கூறலாம். 1922-இல் தென்னிந்தியச் சமணம் பற்றி எழுதிய எம். எஸ். இராமசாமி ஐயங்கார், சமணரே களப்பிரரை அழைத்திருக்கக்கூடும் என்று கருதினார். மதுரை மாவட்டத்து மாங்குளக் குகைக் கல்வெட்டுகளை இராபர்ட் சிவெல் 1882-இலேயே கண்டிருந்தார். ஆயினும் அத்தகைய குகை எழுத்துகளின் மொழி தமிழ் என்பதைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல்தான் விளக்கினார். ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளியிட்ட பெருநூல் அவற்றைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வைக்கிறது. கணிநந்தி என்ற முனிவர்க்கு நெடுஞ்செழியன் காலத்தில் கற்படுக்கை அமைத்த செய்தி அதில் உள்ளது. களப்பிரர் வருமுன் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சமண முனிவர் பாண்டிநாட்டுப் பாறைகளில் படுத்துறங்கியிருக்கின்றனர். அவர்களை யாரும் படையோடு அழைத்துவர வேண்டியிருக்கவில்லை.

இன்றைய தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இருண்ட காலம் என்ற பெயரைப் பழையவாறு உறுதியாகச் சொல்வதில்லை. அது மறுக்கப்பட்ட கருத்து என்பதையும் சேர்த்தே கூறுகின்றன. செப்பேட்டில் ஒரு சொல் பொறிக்கப்பட்டு, அது நூலேறி, பாடமாகி, பின் பாடத்திலிருந்து இறங்க ஆயிரத்திருநூறு ஆண்டு ஆகியிருக்கிறது. ஒரு மதிப்பெண் வினாத்தாள்களும் வழிகாட்டி நூல்களும் இன்னும் பழைய விடையையே அச்சிடுவதுண்டு. பெற்றோர் கண்டால் ஆசிரியரிடம் எடுத்துச் சொல்லலாம்.

வழக்கு முடிந்துவிடவில்லை. பூலாங்குறிச்சிக் கல்வெட்டு தன் ஆண்டை 192 என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. எந்தத் தொடக்கத்திலிருந்து எண்ணிய 192 என்பதை மட்டும் சொல்லவில்லை. சக ஆண்டென்று கொண்டால் கி.பி. 270 ஆகும், கூற்றன் சங்க காலத்தின் விளிம்பில் நிற்பான். எழுத்தின் வளைவைப் பார்த்து 5-ஆம் நூற்றாண்டு என்போர் கூற்றை ஏற்றால், அந்த 192 ஆண்டுகளை விடாமல் எண்ணிவந்த ஓர் அரசு மரபு, இரவு என்று பெயரிடப்பட்ட அந்தக் காலத்துக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும்.